குளிர்ப் பதியம்

எட்டாம் மாதத்தில் அனுமதி கிடைத்தது. கலியமூர்த்தி வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டார்.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருகிற அனுமதி அது. நாகப்பட்டினத்தில் இருக்கும் அப்பனும் சைபீரியாவில் இருக்கும் மகளும் கொடைக்கானலில் ஒரு பகல் பார்த்துக்கொள்ளலாம் என்று சந்திப்பு ஆணையம் தேதி போட்டுக் கொடுக்கும். அந்தத் தேதிக்காக ஜனங்கள் தவம் கிடப்பார்கள். இவரோ, 'எட்டாம் மாதத்தில் வளைகாப்புச் செய்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. தயவுசெய்து ஒன்பதாம் மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கவும்' என்று எழுதிப் போட்டார். அதைப் படித்த அதிகாரி தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ஆனாலும் யாரோ ஒரு புண்ணியவான், ஒன்பதாம் மாதம் மூன்றாவது வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்.

நீலா சண்டை போடுவாள் என்றுதான் எதிர்பார்த்தார். நீலாயதாட்சி என்று அம்மன் பெயரை வைத்ததாலோ என்னவோ, சின்ன வயசிலிருந்தே விட்டுக்கொடுக்காத பெண். ஆனால் அவள் போனில், "ஒன்பதாம் மாசமே இருக்கட்டும்பா, அதுதான் நல்லது" என்று உடனே ஒப்புக்கொண்டாள். மகளுக்கும் சாஸ்திர சம்பிரதாயத்தில் நம்பிக்கை வந்துவிட்டதே என்று கலியமூர்த்திக்கு ஒரே சந்தோஷம்.

அப்பனும் மகளும் பார்த்துக்கொள்ள ஆணையம் எதற்கு, அனுமதி எதற்கு என்று கேட்கலாம். பழைய மனிதனுக்கு ஒரே உடம்புதான் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவன் பாலைவனத்துக்கும் போனான், பனிமலைக்கும் போனான். வேர்த்தால் விசிறிக்கொண்டான், குளிர்ந்தால் போர்த்திக்கொண்டான். வெயில் முற்றி, காற்றில் ஈரம் ஏறி, வேர்வையே உலராத நாட்கள் வரத் தொடங்கியபோது அந்த உடம்பு போதவில்லை. ஊர் ஊராகச் செத்தார்கள். அப்போதுதான் அந்த மருந்தைக் கண்டுபிடித்தார்கள். ஏதாவது ஒரு தட்பவெப்பத்துக்கென்றே உடம்பைத் திருத்தி வைத்துவிடும் மருந்து. அதன் விஞ்ஞானப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. நம் ஜனங்கள் பதியம் என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

ஈரவெப்பம், வறள்வெப்பம், மிதம், குளிர், உறைபனி என்று ஐந்து வகை. பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்தில் உலகப் படத்துக்கு வண்ணம் அடித்திருப்பார்களே, அதையே மனிதருக்கும் அடித்துவிட்டார்கள். ஈரவெப்ப வகைக்காரர் வைகாசி வெயிலில் வேலை செய்யலாம், சாகமாட்டார். ஆனால் அவரைக் குளிர்நாட்டில் கொண்டுபோய் விட்டால் அரைமணி நேரத்தில் இதயம் நின்றுவிடும். குளிர்வகைக்காரரை நாகப்பட்டினத்தில் இறக்கினாலும் அதே கதிதான். ஒருமுறை பதிந்தது பதிந்ததுதான், மாற்ற முடியாது.

கலியமூர்த்தியின் மனைவி மரகதம், பதியம் வருவதற்கு ஒரு மாதம் முன்னால் இறந்துபோனாள். வெயிலில்கூட இல்லை. மீன் காயவைக்கும் கொட்டகையின் நிழலில், காலை பதினோரு மணிக்கு, கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. முப்பத்திரண்டு வயசு. மருந்து முகாம் வந்தபோது, பெரியவர்களுக்கு இருக்கிற ஊரின் வகையைத்தான் போடுவோம் என்றார்கள். பதினைந்து வயசுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் பெற்றவர்கள் எந்த வகையைச் சொன்னாலும் போடுவார்கள். நீலாவுக்குப் பன்னிரண்டு. கலியமூர்த்தி இரண்டாவது முறை யோசிக்காமல் 'குளிர்' என்று எழுதிக் கொடுத்தார். இந்த வெயில் தன் வீட்டிலிருந்து இன்னொருத்தியைக் கொண்டுபோக விடுவதில்லை என்று அவருக்கு ஒரு வைராக்கியம். அந்த வாரமே மற்றப் பிள்ளைகளோடு அவளை விமானமேற்றி வடக்கே அனுப்பினார்கள். பதினாலு வருஷம் ஆகிறது. இடையில் நாலு முறை பார்த்திருக்கிறார், ஒவ்வொரு முறையும் ஆறு மணி நேரம்.

அவளை நினைத்து ஏங்காத நாளில்லை. அனுப்பியதற்காக வருந்திய நாளும் இல்லை. மகளைக் காப்பாற்றிவிட்டோம் என்பது ஒன்றுதான் அவர் வாழ்க்கையில் அவருக்கே பிடித்த விஷயம்.

உலகத்தில் மிதவகை ஊர் என்று மிச்சமிருந்தது பதினோரு மலையூர்கள்தாம். கீட்டோ, அடிஸ் அபாபா, கொடைக்கானல் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். எந்த வகைக்காரரும் அங்கே கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்பதால் அவற்றைச் சந்திப்பூர்களாக்கி வைத்திருந்தார்கள். சந்திப்புக் கூடத்துக்குள் கலியமூர்த்தி நுழைந்தபோது மூன்று ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லாய், கையில் இரண்டு தூக்குச்சட்டி. அப்படியும் பல் தந்தியடித்தது. எதிரே நீலா மெல்லிய பருத்தி அங்கியும் அதன்மேல் ஐஸ் வைத்துத் தைத்த உள்சட்டையுமாக நின்றாள். நெற்றியில் வேர்வை வழிந்தது. ஒரே அறையில் நின்றுகொண்டு அப்பா நடுங்குவதும் மகள் புழுங்குவதும் அங்கே யாருக்கும் வேடிக்கையாக இல்லை. எல்லாக் குடும்பத்திலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

"எளைச்சிட்டீங்கப்பா" என்றாள் நீலா.

"நீ பருத்துட்டல்ல, சரியாப் போச்சு" என்றார். வயிற்றைப் பார்த்தார். தூக்குச்சட்டிகளை இறக்கி வைத்துத் திறந்தார்.

தூக்குச்சட்டியில் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல். எல்லாம் அவரே செய்தது. கடலைத் தடுக்கிற அலைச்சுவரின் பம்பு நிலையத்தில் போர்மேனாக இருக்கிறவருக்கு இயந்திரத்தின் நாடி தெரியும், உப்பின் நாடி தெரியாது. நீலா புளிச்சோற்றை ஒரு வாய் போட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டாள். சிரித்துக்கொண்டே இரண்டாவது வாய் போட்டாள்.

"மாப்ளகிட்ட ரெண்டு வார்த்தை பேசணுமே. போன் போடேன்."

அவள் புருஷன் ஆதிமூலம் மன்னார்குடிப் பையன். அவளோடு அதே விமானத்தில் போனவன்.

"லைன் இல்லப்பா. தரை எளகி டவர் சாஞ்சு கெடக்கு. சரிபண்ண இன்னும் பத்து நாளாவும்."

"தரை எளகுமா? அங்கதான் எல்லாம் கல்லாட்டம் ஒறஞ்சு கெடக்குமே?"

நீலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ரோஸ்லின் சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். மிதவகைக்காரி, உள்ளூர். வளையல் அடுக்க ஐந்து சுமங்கலிகள் வேண்டும் என்று கலியமூர்த்தி அவளிடம் கேட்டிருந்தார். கிடைத்தது மூன்று பேர். ஒற்றைப்படையாக இருக்கிறதே, போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

ரோஸ்லின் ஒருத்தி. ராஜஸ்தானத்துப் பார்மேரிலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்த மூமல் என்ற வறள்வெப்ப வகை அம்மாள் இன்னொருத்தி. காய்ந்த காற்றுக்குப் பழகியவள், கொடைக்கானல் பனிமூட்டம் நெஞ்சில் இறங்கியதால் விடாமல் இருமினாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் வளையலை எடுத்தாள். மூன்றாமவள் இங்கர், வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவுக்காரி, உறைபனி வகை. கழுத்தைச் சுற்றி ஐஸ் பட்டை. அவள் விரல் பட்ட இடத்தில் கண்ணாடி வளையல் பனித்துப்போயிற்று. இரண்டு பேரும் காதில் மொழிபெயர்ப்புக் கருவி மாட்டிக்கொண்டு, என்ன ஏது என்று கேட்டுக் கேட்டுச் செய்தார்கள். யாரோ ஊர்பேர் தெரியாத பெண்ணுக்கு வளையல் போடுவதில் மூன்று பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். மரகதம் இருந்து பார்க்கவில்லையே என்று கலியமூர்த்தி ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இடது கையில் ஏழாவது வளையல் ஏறும்போது நீலா, "அப்பா, இப்பவே ஒண்ணு சொல்லிடறேன். பிரசவத்துல எனக்கு நெனவு தப்பிப் போச்சுன்னா கொழந்தைய..." என்றாள்.

"ஏய் பாப்பா!" கலியமூர்த்தி பதறிப்போனார். "வளையல் ஏறுற கைய வச்சுக்கிட்டு என்ன பேச்சு இது? நெனவு தப்பிப் போறதாம்! வாயில நல்ல வார்த்தை வரட்டும்."

"இல்லப்பா, இது முக்கியம். கொழந்தை எங்க..."

"எதுவா இருந்தாலும் விசேஷம் முடியட்டும். இன்னிக்கு ஒரு கெட்ட சொல்லு என் காதுல விழப்படாது. உங்கம்மாவுக்கு ஒன்பதாம் மாசத்துல இப்படித்தான் ஒருத்தி வந்து வாய வச்சா. வேணாம், விட்டுடு."

"விடும்மா. அப்பா சொல்றதும் சரிதான, நல்ல நாளும் அதுவுமா" என்றாள் ரோஸ்லின். கருவி வழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட மூமலும் தலையை ஆட்டி ஆமோதித்தாள். அவள் ஊரிலும் அப்படித்தானாம். இங்கர் மட்டும், ஏன் பேசக்கூடாது, இன்றைக்குப் பேசாமல் என்றைக்குப் பேசுவது என்று கேட்டாள். ரோஸ்லின் அடுத்த வளையலை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

நீலா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "சரி, மூணு மணிக்குப் பதிவறைக்குப் போவணும். நீங்களும் வரணும். அங்க பேசிக்கலாம்" என்று விட்டுவிட்டாள். திரும்பிப் போவதற்கு முத்திரை வைக்கிற வேலையாக இருக்கும் என்று கலியமூர்த்தி நினைத்துக்கொண்டார்.

மூன்று மணி வரை விஷயம் போகவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு நீலா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பனிக்குடம் உடைந்து அங்கி நனைந்தது. ரோஸ்லின் ஓடினாள். கூடத்தை ஒட்டியே ஆஸ்பத்திரி. தள்ளுவண்டியில் ஏற்றும்போது அவள் "அப்பா, பதிவறை... என் பையி" என்று ஏதோ சொன்னாள். "பையி பத்திரமா இருக்கு தாயி, நீ பயப்படாத" என்று இவர் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

கால்மணி நேரத்தில் டாக்டர் ஜெசிந்தா வெளியே வந்தார். ஐம்பது வயசிருக்கும், உள்ளூர்க்காரர்.

"அவங்க உடம்புச் சூடு ஏறிடுச்சுங்க ஐயா. குளிர்வகைக்கு இந்த ஊரே அதிகம், இதுல வலி வேற. மயக்க மருந்து குடுத்தாச்சு. ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். அதுக்கு முன்னால நீங்க ஒண்ணு சொல்லணும்."

"என்னம்மா சொல்லணும்?"

"குழந்தைக்கு எந்தக் கதவு?"

அவர் கைகாட்டிய பக்கம் மூன்று கதவுகள் இருந்தன. சிவப்பு, பச்சை, நீலம்.

"பதியம் போட்டவங்க வயித்துல பொறக்கற குழந்தை எந்த வகையும் இல்லாமத்தான் வரும். முதல் ஒரு மணி நேரம் எந்தக் காத்தைச் சுவாசிக்குதோ, அந்த வகையாப் பதிஞ்சிடும். பச்சைக் கதவுன்னா இந்த ஊர்க் காத்து, மிதவகை. அப்ப உங்க மகளாலயும் கூட்டிட்டுப் போக முடியாது, உங்களாலயும் முடியாது. இங்க இருக்கற இல்லத்துலதான் வளரும். சிவப்புக் கதவுக்குள்ள உங்க ஊர்க் காத்து. நீலக் கதவுக்குள்ள அவங்க ஊர்க் காத்து."

"நீலாவையே கேட்டுடுங்களேன்."

"அவங்களுக்கு நெனவில்ல ஐயா. கணவருக்கும் லைன் போகல. இருக்கற ரத்த உறவு நீங்க ஒருத்தர்தான்."

"எம்மவ பொழைச்சுடுவாளா?"

"முயற்சி பண்றோம்" என்றார் டாக்டர். அந்த வார்த்தையின் அர்த்தம் கலியமூர்த்திக்குத் தெரியும். மரகதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்றும் ஒரு டாக்டர் அதைத்தான் சொன்னார்.

அவருக்குக் குழந்தை வேண்டும் போல இருந்தது. ஆசைப்பட்டார், அதை மறைப்பானேன். பதினாலு வருஷமாக வேலை முடிந்து வந்து தானே கதவைத் திறந்து, தானே விளக்கைப் போட்டு, தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருக்கிற மனுஷன். ஒரு குழந்தை அந்த வீட்டில் தவழ்வதைக் கண்ணெதிரே பார்த்துவிட்டார். அதைத் தோளில் வைத்துக்கொண்டு அலைச்சுவரின்மேல் நடந்து, இதோ இதுதான் தாத்தாவோட பம்பு என்று காட்டினார். தலைப்பிரசவம் பொறந்த வீட்டுக்குச் சொந்தம் என்பதுதானே வழக்கம்? சட்டமும் அவர் கையில், சம்பிரதாயமும் அவர் பக்கம். சிவப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மயக்கம் தெளிந்து எழுகிற நீலா மடியைத் தடவிப் பார்ப்பதும் கண்ணெதிரே வந்தது. கொட்டகையின் நிழலில் தலை சாய்ந்து உட்கார்ந்திருந்த மரகதம் வந்தாள். பதியம் போட்டுவிட்டால் வெயில் கொல்லாது என்று அறிவுக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியவில்லை. வெயில் என்றால் அவருக்கு மரகதம்தான்.

"நீலக் கதவு" என்றார்.

"நல்லா யோசிச்சிட்டீங்களா?"

"யோசிச்சாச்சும்மா. அந்த வெயிலுக்கு எங்க வீட்லேருந்து ஒருத்திய குடுத்தது போதும். கொழந்தை அதோட அம்மாகிட்ட போவட்டும்."

தாளில் கையெழுத்துப் போட்டார்.  போட்டு முடித்ததும் நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது. தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் கொடுத்துவிட்டோம், இந்தத் தடவையும் சரியாகச் செய்துவிட்டோம் என்று நினைத்தார்.

ஒன்று நாற்பதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் முன்னாலேயே ஓட்டமாகப் போனாள். கறுத்த தலைமயிரும் ஒரு சின்னப் பாதமும்தான் கண்ணில் பட்டன. நீலக் கதவு திறந்தது, வெள்ளைப் புகை மாதிரி குளிர் வெளியே வந்தது, மூடிக்கொண்டது. இரண்டரை மணிக்கு டாக்டர் ஜெசிந்தா வந்து, "உங்க மக பிழைச்சுட்டாங்க" என்று சொன்னபோது கலியமூர்த்தி அந்த அம்மாளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நீலாவைக் குளிர் பெட்டிக்கு மாற்ற வேண்டும், விமானத்தில் அப்படியே ஏற்றிவிடுவார்கள், அவளுடைய பயணச்சீட்டு வேண்டும் என்று நர்ஸ் வந்து கேட்டாள். கலியமூர்த்தி பையைத் திறந்தார். மேலாகவே ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. சீட்டோ என்று பிரித்தார். தமிழ்.

எழுத்து குண்டு குண்டாக, வரி தவறாமல், ஆறாம் வகுப்புப் பிள்ளை எழுதியதைப்போல இருந்தது. ஆறாம் வகுப்போடு ஊரைவிட்டுப் போனவளின் தமிழ்க் கையெழுத்து அதற்குமேல் வளரவில்லை. அதைப் பார்த்ததுமே அவருக்கு மனசு இளகிவிட்டது. பிறகுதான் படித்தார்.

'பிரசவம்: ஒன்பதாம் மாதம், கொடைக்கானல் ஆஸ்பத்திரியில். பிறக்கும் குழந்தைக்கு வேண்டிய வகை: ஈரவெப்பம். வளர்ப்பவர்: என் தகப்பனார் கலியமூர்த்தி, நாகப்பட்டினம். காரணம்: எங்கள் ஊர் இன்னும் பன்னிரண்டு வருடத்தில் குளிர்வகைப் பட்டியலிலிருந்து நீக்கப்படும். பிறகு எங்கள் உடம்புக்கு இடம் குறைவு. பெரியவர்கள் நாங்கள் சமாளித்துக்கொள்வோம். குழந்தை அப்பாவிடம் வளர்ந்தால் அதற்கு ஊர் இருக்கும்.'

கீழே தாய், தகப்பன் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வளர்ப்பவர் கையெழுத்து, பதிவறையில் நேரில், மூன்று மணி என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரைப்போல இரண்டாவது முறையும் படித்தார். தாளை எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனார்.

"ஏம்மா, வடக்க பனி எளகுதா?"

டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். 

"ரொம்ப நாளாவே எளகுதுங்க. போன வருஷம் மட்டும் நாப்பது ஊரைக் குளிர்வகைப் பட்டியல்லேருந்து எடுத்துட்டாங்க. அங்க இருந்தவங்களை இன்னும் வடக்க கொண்டுபோறாங்க. வெப்பவகைக்குத்தான் வருஷத்துக்கு வருஷம் இடம் பெருகிக்கிட்டே வருது. இந்த மலையே இன்னும் எத்தனை நாளைக்கு மிதவகைன்னு எங்களுக்கே தெரியாது. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அவருக்குத் தெரியாது. நாகப்பட்டினத்தில் இருப்பவருக்குக் கடல் எத்தனை அங்குலம் ஏறியது என்பதுதான் செய்தி. வடக்கு என்றால் அவருக்குப் பனி, பன்னிரண்டு வயசு நீலாவை எதை நம்பி அனுப்பினாரோ அதே பனி. ஒவ்வொரு தடவை போனில் பேசும்போதும், "அங்க ஜில்லுன்னு இருக்கா பாப்பா?" என்று கேட்பார். "ஜில்லுன்னு இருக்குப்பா" என்பாள். கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார். அவர் சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. இன்றைக்குச் சொல்ல வந்தாள், வாயை மூடச் சொல்லிவிட்டார்.

"இப்ப மாத்திடலாமாம்மா? சிவப்புக் கதவுக்குள்ள கொண்டுபோயிட்டா?"

"மணி மூணு இருபது. ஒரு மணி நேரம் தாண்டிப் போச்சுங்க ஐயா. முதல் பதியத்தைத்தான் இதயம் தாங்கும். ரெண்டாவதைத் தாங்கினதா இதுவரைக்கும் நான் பார்க்கல."

"நான் ஏன் அந்தப் பையத் தொறந்து பாக்கல?" என்றார் கலியமூர்த்தி. டாக்டர் அவரை உட்காரச் சொன்னார். உட்காரவில்லை, நின்றபடியே அழுதார். அறுபது வயசு மனுஷன் அழுவதைப் பார்க்கக்கூடாது என்று நர்ஸ் வெளியே போய்விட்டாள்.

நாலு மணிக்கு விமானம். குளிர் பெட்டி என்பது ஒரு சின்ன அறை அளவுக்கு இருந்தது, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நீலா படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சிவப்பெல்லாம் இறங்கி, பழைய நிறம் வந்திருந்தது. மடியில் குழந்தை. பேசுவதற்குக் கண்ணாடிக்கு வெளியே ஒரு ஒலிபெருக்கி பொருத்தியிருந்தார்கள். கலியமூர்த்தி கிட்டப் போய் நின்றார்.

"எந்தக் கதவுன்னு யாருப்பா சொன்னது?" என்று கேட்டாள். குரல் தீனமாக இருந்தது.

"நாந்தாம்மா."

அவள் தலையைக் குனிந்து குழந்தையைப் பார்த்தாள். அதன் காதோரத்தில் ஒட்டியிருந்த எதையோ விரலால் மெல்லத் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள். நிமிர்ந்தபோது சிரித்த முகமாக இருந்தாள்.

"நல்லதுதாம்ப்பா செஞ்சீங்க. என்கிட்டயே இருக்கட்டும்னு நெனச்சீங்கல்ல? உங்களுக்கு எவ்ளோ ஆசை இருந்திருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

அந்த நல்ல வார்த்தையை அவரால் தாங்க முடியவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை. சொன்ன நல்ல வார்த்தையை அப்படியே வாங்கிக்கொண்டு, தாளைப் படித்ததைச் சொல்லாமல் ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம். அவளும் மனசில் போட்டுப் புதைத்திருப்பாள், இவரும் புதைத்திருப்பார். ஒரு கெட்ட சொல் காதில் விழாமல் இருவரும் இன்னும் மூன்று வருஷத்தை ஓட்டியிருக்கலாம்.

"பன்னண்டு வருஷம் கழிச்சு எங்க போவீங்க?" என்று கேட்டார்.

பை யாரிடம் இருந்தது என்பது நீலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சிரிப்பு மறைந்தது. 

"இன்னும் வடக்க போவோம்ப்பா."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கு வடக்க கடல்தாம்ப்பா" என்றாள்.

 விமானப் பணியாள் வந்து நேரமாகிவிட்டது என்று சைகை காட்டினான். "கொழந்தைய ஒரு தடவை நல்லாப் பாத்துக்கங்கப்பா" என்று சொல்லி நீலா அதை இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணாடிக்கு அருகில் பிடித்தாள். மூச்சு விட்டால் உறைந்துபோகிற அந்தக் குளிரில், மேலே ஒரு துண்டுத் துணிகூட இல்லாமல், குழந்தை கையை நீட்டிக்கொண்டு சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.